விலை இல்லை, வாசிக்க வருமா?

கொல்லிமலையின் பைல் நாட்டில் நான் வீட்டுக்கே போய்ப் பாடம் சொல்லித்தரும் பையனுக்குப் பார்வை அறவே கிடையாது. அவனுக்குக் கைபேசிதான் புத்தகம். திரையில் இருப்பதை டாக்பேக் செயலி வாசிக்க வாசிக்கக் கேட்பான். ஒருநாள் வினாத்தொகுப்பு ஒன்றைத் திறந்தோம். 'தமிழ்' என்று இருந்த இடத்தில் ‘ஜே, கே, பி, ஓ, செமிகோலன்’ என்று ஒப்பித்தது. “என்ன டீச்சர், இங்கிலீஷ் பாடமா?” என்றான்.

அது பாமினி எழுத்துருவின் வேலை. பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தியிருப்பார்கள். நமக்குத் தமிழாகத் தெரியும், கைபேசிக்கு அது ஆங்கிலம்தான். யுனிகோடில் இந்தக் குழப்பம் இல்லை. அதைத் தமிழக அரசு 2010-லேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. பக்கம் வடிவமைப்பவர்கள்தான் பழையதை விட்டபாடில்லை. ஸ்கேன் செய்த பிடிஎஃப் இன்னும் மோசம். அது வெறும் படம். கைபேசி வாயே திறக்காது.

நம் பாடநூல்களை இணையத்தில் யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். 2018-இல் வந்த புதிய நூல்களில் கியூஆர் குறியீடும் உண்டு. பார்க்க முடியாத பிள்ளை அந்தக் கட்டத்தை எங்கே தேடுவான்? ஓரத்தில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டிக் கொடுத்தேன். இப்போது விரலால் தடவிக் கண்டுபிடித்துவிடுகிறான். மங்கலாகப் பார்வை உள்ள பிள்ளைகளின் சிக்கல் வேறு. பிடிஎஃப் பக்கத்தைப் பெரிதாக்கினால் பாதி வரி திரைக்கு வெளியே ஓடிவிடும். இபப் என்ற மின்னூல் கோப்பில் எழுத்து பெருக்கப் பெருக்க வரி தானே மடிந்துகொள்ளும்.

இப்படி வாசிக்க வராத பாடத்தை, யாரையும் கேட்காமல் யுனிகோடில் தட்டச்சு செய்து கொடுக்கலாமா என்று சில பெற்றோர் தயங்குகிறார்கள். தாராளமாகச் செய்யலாம். மாற்றுத்திறனாளிகளுக்காக இப்படிப் படி எடுக்க 2012-இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது. இதையே உலக அளவில் சொல்லும் 2013-ஆம் ஆண்டு மராகேஷ் உடன்படிக்கையை முதலில் உறுதிசெய்த நாடும் இந்தியாதான். அச்சு நூலை வாசிக்க முடியாதவர்களுக்காக 2016-இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில் பல இந்திய மொழி நூல்கள் இருக்கின்றன. மலையில் சிக்னலை நம்ப முடியாது. நாமக்கல்லிலேயே இறக்கி, மெமரி கார்டில் போட்டு எடுத்துப்போவேன்.

தட்டச்சு முடிந்தாலும் படங்கள் பாக்கி. பூவின் பாகங்கள் வரும் பக்கத்தில் ‘படம்’ என்று மட்டும் சொல்லிவிட்டுக் கைபேசி அடுத்த பத்திக்குத் தாவிவிடும். செம்பருத்தி ஒன்றைக் கையில் கொடுத்து, சூலகமுடி, மகரந்தத்தாள் என்று தொட்டுக் காட்டினேன். பிறகு அதையே நாலு வரியாக எழுதிச் சேர்த்தேன். பாடம் எழுதுபவரே அந்த நாலு வரியைக் கோப்பில் வைத்துவிட்டால் எல்லா ஊர்ப் பிள்ளைகளுக்கும் போய்ச் சேரும். இப்போதைக்கு ஒவ்வொரு மலையிலும் ஒவ்வொரு டீச்சர் தனித்தனியாக எழுதிக்கொண்டிருக்கிறோம்.