ஒரு மணி நேரத்துக்கு 1 ரூபாய் 42 காசு

நாகர்கோவில் ஜங்ஷனிலிருந்து திருவனந்தபுரம் சென்ட்ரலுக்கு ரயில் பாதையில் 71 கி.மீ. பஸ்ஸோ ரயிலோ, வீட்டு வாசலிலிருந்து அலுவலக வாசலுக்கு இரண்டு மணி நேரம் என்று வையுங்கள். போக வர 4 மணி. மாதம் 22 நாள் வேலை. வருஷத்துக்கு 1,056 மணி நேரம், அதாவது 44 முழு நாள்கள். குமரி மாவட்டத்திலிருந்து தினமும் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போய் வருகிறவர்கள் வருஷத்தில் ஒன்றரை மாதம் எஞ்சின் இரைச்சலுக்குள்ளேயே வாழ்கிறார்கள். அந்த இரைச்சலுக்கு மேலே பாட்டு கேட்க வேண்டுமென்றால் ஒலியைக் கூட்டத்தான் வேண்டும். சிக்கல் தொடங்குவது அங்கேதான்.

உலக சுகாதார நிறுவனம் காதுக்கு ஒரு வாரக் கணக்கு வைத்திருக்கிறது. பெரியவர்களுக்கு 80 டெசிபல் ஒலி வாரத்துக்கு 40 மணி நேரம் வரை பாதுகாப்பு. டெசிபல் 3 ஏறினால் நேரம் பாதியாகிவிடும். 83-இல் 20 மணி. 85-இல் பன்னிரண்டரை மணி. 90-இல் 4 மணி. 95-இல் வெறும் ஒன்றேகால் மணி. பஸ்ஸுக்குள் இரைச்சல் 80 டெசிபல் என்று வைத்துக்கொண்டால், பாட்டு தெளிவாகக் கேட்க 85 ஆவது வேண்டும். திங்கள், செவ்வாய், புதனுக்கு 12 மணி நேரம் முடிந்துவிடும். வியாழன் காலை பஸ் தக்கலையை நெருங்கும்போது அந்த வாரத்துக்கு உள்ள பங்கு தீர்ந்துபோகும். மீதிப் பயணம் முழுவதும் காதுக்குக் கடன். இந்தக் கடனைத் திருப்பி அடைக்க வழி கிடையாது. உள்காதில் ஒருமுறை செத்த நுண்மயிர்ச் செல்கள் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை.

இரைச்சல் நீக்கும் ஹெட்போனை ஆடம்பரம் என்று சிலர் ஒதுக்குவதை நான் ஏற்றுக்கொள்ளாததற்குக் காரணம் இதுதான். அது வெளி இரைச்சலை 10 டெசிபல் இறக்கினாலே போதும், 85-இல் கேட்ட பாட்டை 75-இல் கேட்கலாம். 75 என்றால் வாரத்தின் 20 மணி நேரப் பயணம் முழுவதும் வரம்புக்குள் வந்துவிடும். அதற்காகத் தருகிற காசுக்கு மருத்துவச் செலவைப்போல ஒரு நியாயம் உண்டு.

வேலை செய்யும் விதமும் எளிது. வெளிச் சத்தத்தை ஒரு சிறு மைக் பிடிக்கிறது. அதற்கு நேர் எதிரான அலையை உள்ளே ஸ்பீக்கர் எழுப்புகிறது. மேடும் பள்ளமும் சேர்ந்து சமமாகிவிடுகின்றன. ஜெர்மானியரான பால் லூக் இந்த யோசனைக்கு 1936-லேயே அமெரிக்கக் காப்புரிமை வாங்கிவிட்டார். வங்காளத்திலிருந்து அமெரிக்கா போன விடுதலைப் போராட்டக்காரர் ஒருவரின் மகன் அமர் போஸ். 1978-இல் விமானப் பயணம் ஒன்றில் இதே யோசனையைக் கையில் எடுத்தார். அவருடைய நிறுவனம் விமானிகளுக்கான ஹெட்செட்டை 1989-இலும், நம்மைப்போன்ற பயணிகளுக்கானதை 2000-இலும் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

எந்தச் சத்தம் அடங்கும், எது அடங்காது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை நீளம் சுமார் 3.4 மீட்டர். பஸ் எஞ்சினின் உறுமல், ரயிலின் அடித்தொனி, ஏசி, மின்விசிறி எல்லாம் ஏறக்குறைய இந்த வகை. அலை நீளமாக, மாறாமல் வருவதால் எதிரலையைச் சரியாகப் பொருத்திவிடலாம். 1,000 ஹெர்ட்ஸில் அலை 34 செ.மீ. ஆகிவிடும். 4,000-இல் எட்டரை செ.மீ. அந்த அளவில் கொஞ்சம் பிசகினாலும் பொருந்தாது. அதனால்தான் பக்கத்து இருக்கைப் பேச்சு, ஹாரன், குழந்தை அழுகை எல்லாம் எட்டத்தான் செய்யும். அவற்றைத் தடுப்பது காதை அடைக்கும் ரப்பரும் பஞ்சு மெத்தையும்தான். பட்ஸ் பெட்டியில் மூன்று அளவு ரப்பர் கிடக்கும். பலரும் ஏற்கெனவே மாட்டியிருப்பதையே வைத்துக்கொள்கிறார்கள். மூன்றையும் மாட்டிப் பாருங்கள். அளவு பொருந்தாத ரப்பரை வைத்துக்கொண்டு எத்தனை ஆயிரம் கொடுத்தாலும் இரைச்சல் உள்ளே வந்துவிடும்.

மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் 1,099 ரூபாய் பட்ஸைக் காட்டி, "இதுலயும் நாய்ஸ் கேன்சலிங் உண்டும் அண்ணாச்சி" என்றான் பையன். பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். பெரிய எழுத்தில் ஈ.என்.சி. என்று இருந்தது. அது நாம் போனில் பேசும்போது எதிர்முனையில் இருப்பவருக்கு நம்மைச் சுற்றியுள்ள இரைச்சல் போகாமல் தடுப்பது. நம் காதுக்கு அதனால் ஒரு டெசிபல்கூடக் குறையாது. நாம் தேட வேண்டியது ஏ.என்.சி. என்ற மூன்றெழுத்து. பையன் ஏமாற்றவில்லை, அவனுக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. பெட்டியில் ஆர் என்ற எழுத்தோடு தொடங்கும், இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) பதிவு எண் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். "25 டெசிபல் வரை" என்று போட்டிருந்தால் 'வரை' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஏதோ ஒரு அலைவரிசையில் கிடைக்கும் உச்சம் அது, எல்லாச் சத்தத்துக்கும் அல்ல.

இனி காசுக் கணக்கு. மூன்று மாதிரிகளை அவை வெளிவந்தபோது இருந்த இந்திய விலையில் எடுத்துக்கொள்கிறேன். ஒன்பிளஸ் நார்டு பட்ஸ் 2, 2023-இல் 2,999 ரூபாய். சோனி டபிள்யூ.எச்.-சி.எச்.720என், அதே வருஷம் 9,990. சோனியின் மேல்தட்டு எக்ஸ்.எம்.4, 2020-இல் 29,990. இந்த விலைகளுக்குள் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் அடக்கம். 2,999-இல் அது 457 ரூபாய், 9,990-இல் 1,524.

விலையைவிட முக்கியம் எத்தனை நாள் உழைக்கும் என்பது. அந்த ஒன்பிளஸ் பட்ஸ் ஏ.என்.சி. போட்டால் ஒரு சார்ஜில் சுமார் 5 மணி நேரம் ஓடும். தினம் 4 மணி நேரம் கேட்டால் நாளுக்கு 0.8 சார்ஜ், வருஷத்தின் 264 வேலைநாளுக்கு 211. லித்தியம் பேட்டரி சுமார் 500 சார்ஜில் அதன் கொள்ளளவில் 80 சதவீதத்துக்கு இறங்கும் என்பது பொதுக் கணக்கு. அப்படியானால் இரண்டேகால் வருஷத்தில் 5 மணி 4 ஆகிவிடும். நான் கறாராக இரண்டு வருஷம் என்றே வைக்கிறேன்: 2,112 மணி நேரம். மணிக்கு 1 ரூபாய் 42 காசு.

சோனி 720 ஏ.என்.சி.யோடு 35 மணி நேரம் ஓடும். ஒரு சார்ஜ் கிட்டத்தட்ட ஒன்பது வேலைநாளுக்கு வரும், வருஷத்துக்கு 30 சார்ஜ்தான். பேட்டரிக்கு முன்னால் காது மெத்தைதான் போகும். நம் கடற்கரை ஈரத்திலும் வேர்வையிலும் அந்தச் செயற்கைத் தோல் உரியத் தொடங்கும், ஆனால் மெத்தையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். நான்கு வருஷம் என்று வைத்தால் 4,224 மணி நேரம், மணிக்கு 2 ரூபாய் 37 காசு. அதே நான்கு வருஷத்துக்கு 29,990-ஐப் பிரித்தால் மணிக்கு 7 ரூபாய் 10 காசு. அமைதி கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் தினசரிப் பஸ்ஸுக்கு மூன்று மடங்கு கொடுக்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

500 ரூபாய்க்கு, காதை நன்றாக அடைக்கும் ரப்பர் வைத்த ஒயர் இயர்போன் ஒரு வருஷம் வந்தால் மணிக்கு 47 காசு. எஞ்சின் உறுமல் முழுதும் அடங்காது, ஆனால் ஒன்றுமில்லாததற்கு எவ்வளவோ மேல். அதற்கு இன்னொரு நன்மையும் உண்டு. நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையமாக 1984-இல் தொடங்கிய நாகர்கோவில் வானொலியை, 101 மெகா ஹெர்ட்ஸில், எஃப்.எம். வசதியுள்ள போனில் நேரடியாகக் கேட்க அந்த ஒயர்தான் ஆன்டெனா. ப்ளூடூத் பட்ஸில் அது முடியாது.

நம் ஊருக்கென்று ஒரு தொல்லையும் உண்டு. ஆனி, ஆடியில் தோவாளை தாண்டி ஆரல்வாய்மொழி கணவாயில் பஸ் ஏறும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். காற்று நேராக வெளி மைக்கில் அறையும். கருவி அதையும் இரைச்சலென்று எடுத்துக்கொண்டு எதிரலை எழுப்பப் பார்க்கும், காதுக்குள் புயலடிப்பதுபோல் படபடக்கும். கருவியில் கோளாறு இல்லை. முப்பந்தல் காற்றாலைகள் கண்ணைவிட்டு மறையும் வரை ஏ.என்.சி.யை அணைத்துவிடுங்கள், அல்லது ஷட்டரை இறக்குங்கள்.

கோயில் கொடைக்கு மைக் செட் கட்டினால் தப்பிக்கலாம் என்று ஹெட்போன் வாங்குகிறவர்கள் தயவுசெய்து காசை மிச்சப்படுத்துங்கள். பாட்டும் பேச்சும் மாறிக்கொண்டே இருக்கும் ஒலி, எதிரலைக்குச் சிக்காது. அதற்கு 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இருக்கின்றன: குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவு 10 மணிக்கு மேல் 45 டெசிபல். ரப்பர் தோட்டத்தில் புல்வெட்டி இயக்குகிறவர்களும், படகு எஞ்சின் அருகே நிற்கிறவர்களும் இந்த ஹெட்போனை நம்பக் கூடாது. அவர்களுக்கு வேண்டியது தரச்சான்று பெற்ற காதுக் கவசம்.

தினமும் பஸ்ஸில் போகிறவருக்கு 3,000 ரூபாய் பட்ஸ் போதும். கன்னியாகுமரியிலிருந்து திப்ரூகருக்கு விவேக் எக்ஸ்பிரஸில் சுமார் 4,200 கி.மீ., 70 மணி நேரத்துக்கும் மேல் போகிறவர்களுக்கும், சென்னை ரயிலில் அடிக்கடி ஏறுகிறவர்களுக்கும் 10,000 ரூபாய்க்குள் உள்ள ஹெட்போன் நியாயம். எதை வாங்கினாலும் முதல் நாளே போனில் ஒலியளவை 60 சதவீதத்துக்குக் கீழே இறக்கி வையுங்கள். பஸ்ஸை விட்டு இறங்கி ரோட்டைக் கடக்கும் முன் காதிலிருந்து கழற்றிவிடுங்கள்.