சுக்கான் பொருத்துகளின் தேய்மானமும் சீரமைப்பும்

சுக்கான் என்பது படகின் பின்பக்கத்தில் தொங்கி, அதன் திசையைத் திருப்பும் பலகை ஆகும். சிறிய பாய்மரப் படகுகளில் இது கதவு கீலில் ஆடுவதைப் போன்றே இயங்குகிறது. படகின் பின்பலகையில் உலோக வளையங்கள் இருக்கும். சுக்கானில் உள்ள முளைகள் அவற்றுள் இறங்கும். முளையும் வளையமும் தேயும்போது சுக்கான் தளர்ந்து ஆடத் தொடங்குகிறது.

புதுக்கோட்டைக் கடற்கரையில்

புதுக்கோட்டை மாவட்டத்திற்குச் சுமார் 40 கி.மீ. கடற்கரை உண்டு. கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் ஆகியவை பாக் விரிகுடாவை ஒட்டிய ஊர்கள். கட்டுமரத்திற்குச் சுக்கான் கிடையாது, துடுப்பாலேயே திருப்புவர். இக்கரையின் பழைய பாய்மரப் படகான வத்தைக்குச் சுக்கான் உண்டு. ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' எனப்படும் இரட்டை உடல் பாய்மரப் படகு, பெயரைத்தான் தமிழிலிருந்து பெற்றது. வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரம் இப்பெயரில் இடம்பெற்றது. இரட்டை உடல் அமைப்போ பசிபிக் தீவுகளின் மரபு. அதில் ஒவ்வோர் உடலுக்கும் ஒன்றாக இரண்டு சுக்கான்கள் இருப்பதால் தேய்மானமும் இரட்டிப்பு.

பாக் விரிகுடா ஆழம் குறைந்தது. கரைக்கு வரும்போது சுக்கானைத் தூக்க வேண்டும், இல்லையேல் அது தரையில் இடிக்கும். நீரில் கலங்கும் மணல் வளையத்திற்குள் புகுந்து அரம்போல் உலோகத்தை அராவுகிறது. சுக்கான் கழன்ற படகு காற்றும் நீரோட்டமும் இழுத்த பக்கம் போகும். இந்தியாவும் இலங்கையும் 1974இல் வகுத்துக்கொண்ட எல்லைக்கோடு இங்கு அதிகத் தொலைவில் இல்லாததால், ஒரு சிறு முளையின் தேய்மானம் மீனவருக்குப் பெரிய சிக்கலாக முடியலாம்.

ஆட்டத்தைக் கண்டறிதல்

படகு கரையில் இருக்கும்போது ஒருவர் சுக்கான் பிடியை அசையாமல் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் சுக்கானின் அடிநுனியைப் பக்கவாட்டில் ஆட்ட வேண்டும். அசைவு எங்கே தொடங்குகிறது என்பதே பார்க்க வேண்டியது: முளைக்கும் வளையத்திற்கும் இடையிலா, வளையத்தைப் பின்பலகையில் பிடித்திருக்கும் போல்ட்டிலா, சுக்கானைத் தூக்கி மடக்கும் அச்சிலா? இதைப் பார்க்காமல் எல்லா நட்டுகளையும் இறுக்குவது வீண்வேலை.

சிறிய இடைவெளியும் நுனியில் பெருகும். இரண்டு வளையங்களுக்கு இடையே 30 செ.மீ., கீழ்வளையத்திலிருந்து நுனிவரை 90 செ.மீ. என்று கொள்வோம். மேல்வளையம் இறுக்கமாக இருந்து, கீழ்வளையத்தில் மட்டும் 1 மி.மீ. அசைவு இருந்தால், நுனி 4 மி.மீ. அசையும்.

சீரமைத்தல்

வளையத்தின் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் அதைச் சற்றுப் பெரிதாக்கி, பிளாஸ்டிக் புஷ் பொருத்தலாம். நைலான் நீரை உறிஞ்சி உப்பும் என்பதால் சிறு இடைவெளி விடவேண்டும். இல்லையெனில் கரையில் சரியாகத் திரும்பிய சுக்கான் கடலில் இறுகிக்கொள்ளும். முளையின் நடுப்பகுதி இடுப்புபோல் ஒடுங்கியிருந்தால் புஷ் உதவாது, முளையையே மாற்றவேண்டும்.

போல்ட் தளர்ந்திருந்தால் முதலில் கழற்றிப் பார்ப்பதே நல்லது. பலகையோ ஃபைபர் ஓட்டின் உட்புறமோ ஈரத்தில் இற்றிருக்கலாம். இற்ற பகுதியை நீக்கி, காயவைத்து, எப்பாக்சி பசையால் நிரப்பி, அது கெட்டியான பின் புதிதாகத் துளையிட வேண்டும். உட்புறத்தில் அகலமான தகடு வைத்தால் சுமை ஒரே இடத்தில் விழாது. நீளமான திருகாணியை ஏற்றி ஒப்பேற்றுவது சில நாள்களுக்கே தாங்கும். பித்தளை வளையத்தில் இரும்பு முளை எனக் கலந்து பொருத்தினால், உப்புநீரில் இரும்பு விரைவாக அரிக்கும்.

போல்ட்டுகளை இறுக்குவதற்கு முன், எல்லா வளையங்களிலும் ஒரே நேரான கம்பியைச் செருகிப் பார்க்கவேண்டும். கம்பி தடையின்றி இறங்காவிட்டால் துளைகள் ஒரே கோட்டில் இல்லை. புதிய புஷ்ஷும் சீக்கிரமே தேய்ந்துவிடும். இரட்டை உடல் படகில் இரு சுக்கான்களின் முன்விளிம்புகளுக்கு இடையிலான தூரமும் பின்விளிம்புகளுக்கு இடையிலான தூரமும் சமமாக இருக்கும்படி இணைப்புக் கம்பியைச் சரிசெய்ய வேண்டும்.

தரைதட்டும்போது சுக்கான் மேலெழும்பிக் கழன்றுவிடாமல் முளையின் முனையில் பூட்டூசி இடுவர். அது ஒடிந்தாலும் சுக்கான் கடலோடு போகாமலிருக்க, ஒரு கயிற்றால் அதைப் படகோடு கட்டி வைப்பதும் வழக்கம்.