ஒரே மொழி, வேற்று நாடு

இங்கிலாந்து நாட்டுக் கோவில்களில் தவக்காலத்தின் நான்காம் ஞாயிறன்று ஓர் அழகிய வழக்கம் உண்டு. திருப்பலி முடியும் தறுவாயில் சிறுவர் சிறுமியர் பீடத்தருகே வந்து, மந்திரிக்கப்பட்ட மஞ்சள் டஃபோடில் மலர்க்கொத்துகளைப் பெற்றுக்கொண்டு, கோவிலில் அமர்ந்திருக்கும் அன்னையர் ஒவ்வொருவரிடமும் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். அங்கே அதுதான் அன்னையர் தினம். 2017-ஆம் ஆண்டில், நார்ஃபோக் பகுதியின் சிற்றூர் ஒன்றில், நோயுற்றிருந்த பங்குத்தந்தைக்குப் பதிலாகச் சில மாதங்கள் பணியாற்றும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. மார்ச் 26-ஆம் நாள் இந்த வழக்கத்தை முதன்முறையாகக் கண்ணுற்றேன். தாய்மார் எல்லோரும் முகமலர்ச்சியோடு கொத்துகளை வாங்கிக்கொண்டிருக்க, மூன்றாம் வரிசையிலிருந்த ஒரு பெண்மணி மட்டும் மலர்களை மடியில் வைத்துக்கொண்டு கண்ணீர் உகுத்தார்.

அவருடைய தாயார் இறந்துவிட்டார் போலும் என எண்ணி, திருப்பலிக்குப் பின் கோவில் மண்டபத்தில் தேநீர் அருந்தும் வேளையில் ஆறுதலாக இரண்டொரு சொற்கள் கூறினேன். அவர் சிரித்துவிட்டார். "இல்லை, தந்தையே. அம்மா பென்சில்வேனியாவில் நலமாக இருக்கிறார். ஆனால் அவருக்கு இன்று அன்னையர் தினம் அன்று" என்றார். பிறகுதான் அவர் அமெரிக்கர் என்பதும், ஆங்கிலேயரை மணந்து, இரு குழந்தைகளோடு 2013-இல் அவ்வூருக்கு வந்து குடியேறியவர் என்பதும் தெரியவந்தன.

உண்மையைச் சொன்னால், அமெரிக்கருக்கு இங்கிலாந்தில் என்ன இடர்ப்பாடு இருக்கக்கூடும் என்றே முதலில் நினைத்தேன். அதே மொழி, அதே நிறம், கடையில் ஏறக்குறைய அதே உணவு. அந்நியன் என்ற பெயர் எனக்கல்லவா பொருந்தும்? ஆனால் அம்மையாரோடும் அவர் கணவரோடும் பழகப் பழக, என் எண்ணம் மாறிற்று. நான் இந்தியன் என்பது முகத்திலேயே எழுதியிருந்தமையால், பேருந்து நிறுத்தத்திலும் அஞ்சல் நிலையத்திலும் மக்கள் எனக்கு எல்லாவற்றையும் பொறுமையோடு விளக்கினார்கள். (சிலர் நான் செவிடன் என்று கருதியவர்போல் உரத்த குரலில் விளக்கினார்கள், அதுவும் அன்புதான்.) நான் தவறு செய்தால் புன்னகையோடு பொறுத்துக்கொண்டார்கள். அம்மையாருக்கோ அந்தச் சலுகை கிடைக்கவில்லை. அவர் வாய் திறந்தால் வருவது ஆங்கிலம். ஆகவே அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று எல்லோரும் எண்ணினார்கள். எவரும் எதையும் விளக்கவில்லை. தவறு செய்தபோது, அறியாமல் செய்தார் என்று எவருக்கும் தோன்றவில்லை. பண்பு போதாது என்றே தோன்றிற்று.

'பேவ்மென்ட்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் அது சாலையோர நடைபாதை. அமெரிக்காவில் அது வண்டிகள் ஓடும் தளம். வந்த முதல் வாரத்தில் மாமியார் பேரக்குழந்தைகளை நோக்கி, பேவ்மென்டை விட்டு இறங்காதீர்கள் என்று கூற, இவர் பதறிப்போய்க் குழந்தைகளைப் பின்னே இழுத்தாராம். 'ஃபர்ஸ்ட் ஃப்ளோர்' என்றால் இங்கிலாந்தில் ஒரு மாடி ஏற வேண்டும். அமெரிக்காவில் அது தரைத்தளம். (இதில் நமக்குக் குழப்பமில்லை; ஆங்கிலேயர் விட்டுச்சென்ற கணக்கையே நாமும் வைத்திருக்கிறோம்.) தேதியைக்கூட அமெரிக்கர் மாதத்தை முன்னே வைத்து எழுதுவர். பள்ளியிலிருந்து 5/3 என்று குறித்து வந்த கடிதத்தை மே மாதம் 3-ஆம் நாள் என்று படித்து, மார்ச் 5-இல் நடந்த பெற்றோர் கூட்டத்துக்குப் போகாமலே இருந்துவிட்டார்.

இவை ஒருமுறை பட்டால் தெளிந்துவிடும். தெளியாதவை வேறு. மகனுடைய படிப்பு 'குவைட் குட்' என்று ஆசிரியை சொன்னபோது, அம்மையார் அன்று மாலை வீட்டில் கேக் செய்து கொண்டாடினார். அமெரிக்கர் வாயில் அதற்கு மிக நன்று என்று பொருள். ஆங்கிலேயர் வாயில் பெரும்பாலும், பரவாயில்லை என்ற அளவுதான். ஆண்டு முடிவில்தான் பையன் கணக்கில் பின்தங்கியிருந்தது தெரிந்தது. அவ்வாறே, அண்டை வீட்டு மூதாட்டி, ஒருநாள் தேநீருக்கு வர வேண்டும் என்று சொன்னபோது, எந்த நாள், எத்தனை மணிக்கு என்று இவர் உடனே கேட்டாராம். அம்மூதாட்டி திகைத்துப் போய்விட்டார். அது அழைப்பு அன்று, விடைபெறும் முறை. நம்மூரிலும் உணவு வேளையில் வந்தவரைச் சாப்பிடுங்கள் என்று சொல்வோம். இரண்டாம் முறையும் சொன்னால்தான் இலை போடுவோம். ஆனால் அந்த இலக்கணத்தை நாம் எந்தப் பள்ளியிலும் கற்றோமில்லை. தாய்மடியில் கற்றது அது. வேறொரு மடியில் வளர்ந்தவருக்கு அது எப்படித் தெரியும்?

வீட்டுக்குள்ளும் இப்படித்தான். வெந்நீருக்கும் தண்ணீருக்கும் தனித்தனிக் குழாய். ஒன்று சுடும், மற்றொன்று உறையவைக்கும். துணி துவைக்கும் இயந்திரம் அடுக்களையில். குளியலறை விளக்குக்குச் சுவரில் விசை இல்லை, கூரையிலிருந்து கயிறு தொங்கும். அமெரிக்காவில் மின்னழுத்தம் 120 வோல்ட், இங்கிலாந்தில் 230. அங்கிருந்து கொண்டுவந்த தலைமுடி உலர்த்தி ஒரு நொடியில் புகைந்தது. இவற்றை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

காரைப் பற்றிச் சொல்லும்போது சிரிக்கவில்லை. அமெரிக்க உரிமத்தை வைத்துக்கொண்டு அங்கே 12 மாதங்கள்தான் ஓட்டலாம். பிறகு அந்நாட்டுத் தேர்வில் தேறியாக வேண்டும். இருபது ஆண்டுகள் கார் ஓட்டியவர், கற்றுக்கொள்பவருக்குரிய சிவப்பு எழுத்துப் பலகையை வண்டியில் கட்டிக்கொண்டு, தம் வயதில் பாதிகூட ஆகாத இளைஞரோடு வரிசையில் நின்றார். சாலையின் இடப்பக்கம் ஓட்டுவதற்கு விரைவில் பழகிவிட்டதாம். சாலைகள் கூடும் வட்டத்தில், வலமிருந்து வருபவருக்கு வழிவிட்டுக் கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றி வெளியேற வேண்டுமே, அங்கேதான் முதல் தேர்வில் தோற்றார். "தந்தையே, அன்றுதான் நான் இந்நாட்டில் மீண்டும் குழந்தையாகிவிட்டேன் என்று உணர்ந்தேன்" என்றார்.

மருத்துவமனையைப் பற்றி அவர் சொன்னது வேறு விதம். முதல் குளிர்காலத்தில் மகளுக்கு நள்ளிரவில் மூச்சுத்திணறல் ஏற்பட்டு, ஓர் இரவு முழுவதும் மருத்துவமனையில் வைத்திருந்தார்கள். விடிந்ததும் குழந்தையைக் கையில் கொடுத்து, போய்வாருங்கள் என்றார்கள். அம்மையார் பணம் கட்டும் இடத்தைத் தேடித் தாழ்வாரமெங்கும் அலைந்தார். அப்படி ஓர் இடமே இல்லை! இங்கிலாந்தில் 1948-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் நாள் தொடங்கப்பெற்ற நாட்டு மருத்துவப் பணி, வரிப்பணத்தில் நடப்பது. அங்கு வாழ்பவரிடம் படுக்கையருகே பணம் கேட்பதில்லை. அமெரிக்காவில் காப்பீட்டு அட்டையைக் காட்டாமல் மருத்துவமனை வாயிலைக் கடந்து பழகாத அவர், வண்டியில் உட்கார்ந்து அழுதாராம். இந்நாட்டின்மேல் எனக்கு அன்பு பிறந்தது அன்றுதான் என்றார்.

கோவிலுக்குள் வந்தால் ஒன்றே திருச்சபைதானே என்போம். அங்கும் வேறுபாடுகள் உண்டு. அமெரிக்க ஆயர்கள் 1966-இலேயே, தவக்காலம் தவிர்ந்த வெள்ளிக்கிழமைகளில் சுத்தபோசனக் கடமையைத் தளர்த்திவிட்டார்கள். இங்கிலாந்து, வேல்ஸ் ஆயர்களோ 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 16 முதல் எல்லா வெள்ளிக்கிழமைகளுக்கும் அதனை மீண்டும் விதித்தார்கள். ஆகவே ஜூலை மாதத்து வெள்ளியன்று வீட்டில் இறைச்சி சமைத்த மருமகளை மாமியார் ஒன்றும் சொல்லாமல் பார்த்தார். அந்தப் பார்வை போதுமன்றோ! அமெரிக்காவில் டிசம்பர் 8, அமல உற்பவ மாதா திருநாள், கடன் திருநாள். இங்கிலாந்தில் அன்று சாதாரண நாள். இராயப்பர் சின்னப்பர் திருநாளோ இங்கிலாந்தில் கடன் திருநாள், அமெரிக்காவில் அன்று. கத்தோலிக்கர் என்ற முறையில் அவரை மிகவும் திடுக்கிடச் செய்தது நவம்பர் 5-ஆம் நாள். 1605-இல் பாராளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்க முயன்ற கை ஃபாக்ஸ் என்ற கத்தோலிக்கரின் உருவத்தை அன்றிரவு நெருப்பிலிட்டு வாணவேடிக்கை நடத்துவர். அந்நாளில் நன்றி வழிபாடு நடத்த வேண்டும் என்ற சட்டமே 1859 வரை இருந்தது. இன்று அது சிறுவர் விளையாட்டு. பங்கு மக்களே குழந்தைகளைத் தோளில் சுமந்து பார்க்கப் போகிறார்கள். அதே மாதம் நான்காம் வியாழனன்று வரும் அமெரிக்க நன்றி நாளோ அங்கே வெறும் வேலை நாள். அன்று பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வான்கோழி சுடுவது எவ்வளவு தனிமையான வேலை என்பதை அவர் சொல்லக் கேட்க வேண்டும்.

பள்ளிப் பருவத்தில் அவர் பயின்றது குழந்தை இயேசு சபைக் கன்னியரிடம். அச்சபையை நிறுவிய கொர்னேலியா கானலி அம்மையாரும் அமெரிக்கர். 1809-இல் பிலடெல்பியாவில் பிறந்து, 1846-இல் இங்கிலாந்துக்கு வந்து, மூன்று தோழியரோடு டார்பி நகரில் சபையைத் தொடங்கியவர். அவரை மணந்திருந்தவர், மனைவியின் இசைவோடு 1845-இல் உரோமையில் குருப்பட்டம் பெற்று, பின்னர் அதைத் துறந்து, பிள்ளைகளைத் தம்மோடு கொண்டுபோய், மனைவி தம்மிடம் திரும்ப வேண்டும் என்று இங்கிலாந்தில் வழக்குத் தொடுத்தார். நாட்டில் கத்தோலிக்க எதிர்ப்பு கொந்தளித்துக்கொண்டிருந்த காலம். அந்நிய நாட்டுப் பெண்ணின் பெயர் செய்தித்தாள்களில் அடிபட்டது. கொர்னேலியா அங்கேயே பள்ளிகளை நடத்தி, 1879-இல் செயின்ட் லெனார்ட்ஸ் நகரில் இறந்தார். 1992-இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது. "பள்ளியில் அவருடைய சரித்திரத்தைப் படித்தபோது, பிள்ளைகளைப் பிரிந்ததுதான் அவருடைய துன்பம் என்று நினைத்தேன். இங்கே வந்த பிறகு, அவர் காலையில் சந்தைக்குப் போய் எப்படிப் பேசியிருப்பார் என்று நினைக்கத் தோன்றுகிறது" என்று இவர் ஒருநாள் கூறினார். நான் குருமடத்தில் படித்த எந்தப் புனிதர் சரித்திரத்திலும் சந்தைக்குப் போன செய்தி இல்லை.

இனி, அந்தக் கண்ணீருக்கு வருகிறேன். இங்கிலாந்தின் அன்னையர் ஞாயிறு தவக்காலத்தோடு இணைந்தது. விண்ணக எருசலேமை நம் தாய் என்றழைக்கும் கலாத்தியர் நிருபப் பகுதி பழைய திருப்பலி நூலில் அந்த ஞாயிற்றுக்கு உரியது. மக்கள் தங்கள் தாய்க்கோவிலுக்கு அன்று திரும்பிச் செல்லும் வழக்கமும் இருந்தது. அமெரிக்காவில் கொண்டாடப்படுவதோ ஆன்னா ஜார்விஸ் என்னும் மாது தம் தாயின் நினைவாக 1908-இல் மேற்கு வர்ஜீனியாவில் தொடங்கி, 1914-இல் குடியரசுத் தலைவர் வில்சன் அறிவித்த நாள்; மே மாதத்தின் இரண்டாம் ஞாயிறு. 2014 மார்ச்சில் கடைகளெங்கும் வாழ்த்து அட்டைகள் நிறைந்திருக்கக் கண்டு, கணவர் சொன்னபடி மாமியாருக்கு ஒன்று வாங்கினார். மே மாதம் வந்தது. கடைகளில் ஓர் அட்டை இல்லை, பள்ளியில் பேச்சில்லை. 11-ஆம் நாள் குடும்பத்தோடு குரோமர் கடற்கரைக்குப் போய், மணலில் விளையாடிவிட்டு, இருட்டிய பின் வீடு திரும்பினார். பென்சில்வேனியாவில், கணவரை இழந்த தாய், பூசைக்குப் போய்வந்து நாள் முழுதும் தொலைபேசியருகே உட்கார்ந்திருந்தார். அவராக அழைக்கவுமில்லை, பின்னர் பேசும்போது அதைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்துத் தங்கை சொல்லித்தான் தெரிந்தது. ஓடிப்போய் அழைத்து மன்னிப்புக் கேட்டதற்கு, "நீ அந்த ஊர்க்காரி ஆகிவிட்டாய் என்று நினைத்துக்கொண்டேன், மகளே" என்றார் தாய்.

அவ்வாண்டுப் பள்ளி விடுமுறையில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு அவர் தாய்வீடு சென்றார். திரும்பி வரும் எண்ணம் இருந்ததா என்று நான் கேட்கவில்லை. பாதிப் பெட்டிகளைத்தான் கட்டினேன், மீதியைக் கணவர் அனுப்பிவிடுவார் என்றிருந்தேன் என்று அவரே சொன்னார். கணவர் தடுக்கவும் இல்லை, விரைந்து வா என்று வற்புறுத்தவும் இல்லை. ஆனால் பென்சில்வேனியாவில், பிறந்து வளர்ந்த அதே தெருக் கடைக்காரர், அவர் பேச்சைக் கேட்டுவிட்டு, அம்மா எந்த ஊர் என்று விசாரித்தார். மகன் பாட்டியிடம் நடைபாதையைப் பேவ்மென்ட் என்றான். ஆகஸ்டு இறுதியில் மூவரும் நார்ஃபோக் திரும்பினார்கள்.

அதுமுதல் அவர் ஒவ்வொரு மார்ச்சிலும் இரண்டு அட்டைகள் வாங்குகிறார். அதுவும் எளிதன்று. இங்கிலாந்தில் அம்மாவை 'மம்' என்று அச்சிடுவர். அமெரிக்கர் எழுதுவது 'மாம்'. எந்தக் குறுக்கமும் இல்லாமல், முழுச்சொல்லாகத் தாய் என்று அச்சிட்ட அட்டையைத் தேடி எடுக்க வேண்டும். ஒன்றை அந்த ஞாயிறன்று மாமியாருக்குக் கொடுத்துவிட்டு, மற்றொன்றை அடுக்களை மேசையறையில், மெழுகுவர்த்திகளுக்கும் தீப்பெட்டிக்கும் அடியில் வைத்துக்கொள்வார்.

அவ்வாண்டு ஏப்ரல் 27, வியாழக்கிழமை காலை, நான் அஞ்சல் நிலையத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது, அம்மையார் தம் மகளோடு வந்து ஓர் உறையைக் கையில் கொடுத்தார். மகள் அதன் பின்புறத்தில் மஞ்சள் வண்ணக்கோலால் ஒரு டஃபோடில் மலர் வரைந்திருந்தாள். விமானத் தபாலில் சேர்த்து, எந்த நாளுக்குள் போய்ச் சேரும் என்று இருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டு திரும்பினேன்.