விருந்தினர் கலைஞரால் குயவருக்கு என்ன பயன்? வழிகாட்டும் அருவாக்கோடு

புது தில்லி: வெளியூர்க் கலைஞர் ஒருவர் வந்து சில நாள்கள் பயிற்சி அளித்துச் செல்வதால் மண்பாண்டத் தொழிலாளருக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது? மத்திய அரசின் பிரதமர் விஸ்வகர்மா திட்டத்தில் குயவர்களும் சேர்க்கப்பட்டுள்ள நிலையில், இக்கேள்வி முக்கியத்துவம் பெறுகிறது.

கேரளத்தில் இதற்கு ஒரு விடை உண்டு. பாலக்காட்டை அடுத்த மலப்புரம் மாவட்டத்தில், நிலம்பூர் அருகே உள்ளது அருவாக்கோடு. தெலுங்கு பேசும் குயவர் குடும்பங்கள் வாழும் கிராமம். சமையலறைகளில் அலுமினியமும் எவர்சில்வரும் புகுந்ததால் பானை, சட்டி விற்பனை சரிந்தது, வறுமை சூழ்ந்தது.

ஆமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் பயின்ற கே.பி. ஜினன், 1990-களின் தொடக்கத்தில் அங்கு வந்தார். "கும்பம்' என்ற பெயரில் அவர் தொடங்கிய முயற்சி வழக்கமான பயிற்சி முகாம் அல்ல. தாம் வரைந்த மாதிரிகளைக் கொடுத்து நகலெடுக்கச் சொல்லாமல், குயவர்களின், குறிப்பாகப் பெண்களின், சொந்தக் கற்பனைக்கு இடமளித்தார். பானை செய்த கைகள் சுவர்ச் சிற்பங்களையும் சுடுமண் அலங்காரப் பொருள்களையும் செய்யத் தொடங்கின. சமையலறைக்கு வெளியே புதிய வாடிக்கையாளர்கள் கிடைத்தனர்.

புதுச்சேரியில் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் மட்கலைக் கூடத்தின் அனுபவமும் இதையே உணர்த்துகிறது. அங்கு மாதக்கணக்கில் தங்கிப் பயின்றவர்களில் பலர், இன்று நாடறிந்த மட்கலைஞர்கள். காலமும் தொடர்ச்சியுமே பயிற்சிக்குப் பலன் தருகின்றன.

2023 செப்டம்பர் 17-இல் தொடங்கப்பட்ட விஸ்வகர்மா திட்டத்தில் அடிப்படைப் பயிற்சி 5 முதல் 7 நாள்கள்தான். விரும்புவோருக்கு 15 நாள் மேல்பயிற்சி உண்டு. நாளொன்றுக்கு ரூ.500 உதவித்தொகை, கருவிகளுக்கு ரூ.15,000, 5 சதவீத வட்டியில் இரு தவணைகளாக ரூ.3 லட்சம் வரை கடன் ஆகியவை வரவேற்கத்தக்கவையே. ஆனால், ஒரு வாரத்தில் சான்றிதழ் கிடைக்கலாம்; சந்தை கிடைக்காது.

பயிற்சியாளர் மீண்டும் மீண்டும் வர வேண்டும். செய்த பொருளுக்கு வாங்குவோரைக் காட்ட வேண்டும். களிமண் எடுக்க அனுமதியும் சூளைக்கு இடமும் உறுதியாக வேண்டும். இவை இல்லையேல், விருந்தினர் விடைபெற்ற மறுநாளே சக்கரம் நின்றுவிடும். எத்தனை பேருக்குப் பயிற்சி என்பதோடு, ஓராண்டுக்குப் பின் எத்தனை சக்கரங்கள் சுழல்கின்றன என்பதையும் அரசு கணக்கெடுக்க வேண்டும்.