விண்மீன் கொத்துகள்

மழை ஓய்ந்து வானம் தெளிந்த கார்த்திகைத் திங்களின் முன்னிரவில் கீழ்த்திசையை நோக்குவோர்க்குச் சிறியதொரு விண்மீன் கொத்துப் புலப்படும். நீட்டிய கையின் கட்டைவிரலால் அதனை மறைத்துவிடலாம். அத்துணைச் சிறிய இடத்தில் ஆறு மீன்கள் நெருங்கி நின்று மின்னுவதைக் கூர்ந்து நோக்குவோர் காண்பர். பழந்தமிழ் மக்கள் அதனை அறுமீன் என்றும் ஆரல் என்றும் அழைத்தனர். கார்த்திகை என்பதும் அதன் பெயரே. முழுமதி அதன் அருகில் நிற்கும் திங்களே கார்த்திகைத் திங்கள் எனப் பெயர் பெற்றது. விளக்கீட்டு நாளில் நிலவொளி மிகுதியாதலின் அம்மீன்கள் மங்கித் தோன்றும். ஆதலால், சில நாள்கள் கழித்து, நிலவு எழுமுன் அவற்றைக் காண்பது நலம்.

அம்மீன்கள் உண்மையிலேயே ஓரினமாய்க் கூடி நிற்கின்றனவா? அன்றி, நம் கண்ணுக்கு மட்டுமே அவ்வாறு தோன்றுகின்றனவா? வானத்தில் அருகருகே தோன்றுவன எல்லாம் அருகருகே உள்ளன அல்ல. சிங்க வடிவினதாகக் கருதப்படும் சிம்ம ராசியில் மகம், உத்தரம் என்னும் இரு மீன்கள் உள்ளன. மகம் நம்மிடமிருந்து ஏறத்தாழ 79 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. உத்தரமோ 36 ஒளியாண்டுத் தொலைவிலேயே உள்ளது. ஒளி ஓராண்டில் செல்லும் தூரமே ஓர் ஒளியாண்டு. அஃது ஏறத்தாழ 9½ இலட்சம் கோடி கிலோமீட்டர் ஆகும். ஒன்றற்கு இருமடங்கு தொலைவில் மற்றொன்று இருப்பினும், இரண்டும் ஒரே சிங்கத்தின் உறுப்புகளாக நமக்குத் தோன்றுகின்றன. அத்தோற்றம் உறவன்று.

கார்த்திகை மீன்களின் நிலை வேறு. இத்தாலி நாட்டு அறிஞர் கலிலியோ தம் தொலைநோக்கியை அவற்றின்பால் திருப்பினார். கண்ணுக்கு ஆறே தோன்றிய இடத்தில் 36 மீன்களைக் கண்டு படம் வரைந்து, 1610ஆம் ஆண்டில் தம் நூலில் வெளியிட்டார். பின்னர் 1767ஆம் ஆண்டில், இங்கிலாந்து நாட்டு அறிஞர் ஜான் மிச்செல் என்பார் இதனைக் கணக்கிட்டு ஆராய்ந்தார். அத்துணை ஒளிமிக்க மீன்கள் தற்செயலாக ஒரே இடத்தில் நெருங்கித் தோன்றுதற்குரிய வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து இலட்சத்தில் ஒன்றே எனக் கண்டு, அவை உண்மையாகவே ஒரு கூட்டம் எனத் துணிந்தார். அவர் துணிபு சரியே என்பதைப் பிற்கால ஆராய்ச்சி நிலைநாட்டியது. அக்கொத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட விண்மீன்கள் உள்ளன. அவை யாவும் ஏறத்தாழ 440 ஒளியாண்டுத் தொலைவில், ஒரே திசையில் ஒருங்கே இயங்குகின்றன.

இவ்வொற்றுமைக்குக் காரணம் அவற்றின் பிறப்பே ஆகும். விண்வெளியில் ஹைட்ரஜன் முதலிய வாயுக்களும் தூசும் செறிந்த பெருமுகில்கள் பல உள்ளன. அத்தகைய முகில் ஒன்று தன் ஈர்ப்பாற்றலால் சுருங்கிப் பல திரள்களாகப் பிரிகின்றது. ஒவ்வொரு திரளும் வெப்பமுற்று விண்மீனாக ஒளிவிடுகின்றது. எனவே, ஒரு கொத்தில் உள்ள மீன்கள் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போல்வன. அவை தோன்றிய பொருள் ஒன்று. தோன்றிய காலமும் ஏறத்தாழ ஒன்று. நிறை ஒன்றே அவற்றுள் வேறுபடுவது.

இவ்வுண்மை வானநூலார்க்குப் பெரிதும் பயன்பட்டது. விளக்கீட்டு நாளில் ஒரு முற்றத்தில் அகல் விளக்குகள் பலவற்றை ஒரே வேளையில் ஏற்றி வைத்ததாகக் கொள்வோம். சிறு திரியிட்ட விளக்கு மெல்ல எரியும். தடித்த திரியிட்ட பெருவிளக்கோ, எண்ணெய் மிகுதியாகப் பெற்றிருந்தும், அதனை விரைந்து உண்டு முதலில் அணையும். விளக்கேற்றியதைக் காணாது பின்னர் வந்த ஒருவர், எவ்வெவ் விளக்குகள் அணைந்தன, எவை எஞ்சின என்று நோக்கி, ஏற்றிய வேளையை உய்த்துணரலாம் அன்றோ?

விண்மீன்களின் இயல்பும் இதுவே. கதிரவனைப்போல் பத்து மடங்கு நிறையுடைய விண்மீன் ஆயிரக்கணக்கான மடங்கு ஒளி வீசுகின்றது. ஆயின், சில கோடி ஆண்டுகளிலேயே தன் எரிபொருளைத் தீர்த்துவிடுகின்றது. கதிரவனைப் போன்றதோ ஏறத்தாழ ஆயிரம் கோடி ஆண்டுகள் ஒளிரும். கார்த்திகைக் கொத்தில் நீல நிறமுடைய பெருமீன்கள் இன்னும் ஒளிர்கின்றன. அவற்றினும் மிகப் பெரியவை மறைந்துவிட்டன. இதனால் அக்கொத்தின் வயது ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகள் எனக் கணித்தனர். கதிரவனுக்கோ 460 கோடி ஆண்டுகள் ஆயின. கதிரவனோடு ஒப்பிடின் கார்த்திகை மீன்கள் இளங்குழவிகளே ஆம்.

விண்மீன் கொத்துகள் இருவகைப்படும். கார்த்திகை போன்று சில நூறு அல்லது சில ஆயிரம் மீன்கள் தளர்ந்து நிற்பவை திறந்த கொத்துகள். அவற்றின் பிணைப்பு வலிமையற்றது. கார்த்திகைக் கொத்தும் இன்னும் ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளில் கலைந்து, அதன் மீன்கள் தனித்தனியே பிரிந்து செல்லும் என்பர்.

மற்றொரு வகை கோளக் கொத்துகள். இவற்றில் பல்லாயிரம் முதல் பல இலட்சம் வரையிலான மீன்கள் பந்துபோல் திரண்டு நிற்கின்றன. நம் பால்வீதியில் உள்ளவற்றுள் மிகப் பெரியதான ஒமேகா சென்டாரி என்பது, மே மாதத்து முன்னிரவில் தென்வானில் மங்கிய ஒளிப்புள்ளியாகத் தோன்றும். பண்டை வானநூலார் அதனை ஒரு தனி மீன் என்றே எண்ணினர். அதில் ஏறத்தாழ ஒரு கோடி மீன்கள் உள்ளன! அதன் தொலைவு ஏறத்தாழ 17,000 ஒளியாண்டுகள். கோளக் கொத்துகளுள் பல ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட முதுமை வாய்ந்தவை. அவற்றின் பெருவிளக்குகள் யாவும் அணைந்துபோயின. சிறு விளக்குகளே எஞ்சியுள்ளன.

இக்கோளக் கொத்துகள் மனிதனின் செருக்கை அடக்கியதும் உண்டு. நம் பால்வீதி மண்டலத்தின் நடுவில் கதிரவன் உள்ளது என்றே பலரும் கருதி வந்தனர். 1918ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஹார்லோ ஷாப்லி, கோளக் கொத்துகள் தனுசு ராசியின் பக்கமே மிகுதியாகத் திரண்டிருத்தலை ஆராய்ந்தார். அவற்றின் நடுவே பால்வீதியின் நடு என்றும், கதிரவன் அதனின்றும் மிகத் தொலைவில் ஒதுங்கியுள்ளது என்றும் காட்டினார். அத்தொலைவு ஏறத்தாழ 26,000 ஒளியாண்டுகள் என இன்று அறியப்படுகின்றது.

நூறாண்டு வாழ்தலும் மனிதனுக்கு அரிது. ஒரு விண்மீன் பிறந்து, வளர்ந்து, மறைவதை எவரும் இருந்து காணல் இயலாது. ஆயினும், இளமையும் முதுமையும் உடைய கொத்துகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, விண்மீன்களின் நெடிய வாழ்க்கையை மனிதன் அறிந்துகொண்டான். கருவிகள் அதற்குத் துணை செய்தன. ஆயினும், கண்டதனைக் கூர்ந்து நோக்கி, ஏன் என வினவும் உள்ளமே அவ்வறிவுக்கு வித்தாயிற்று. அவ்வுள்ளம் படைத்தோர்க்கு, கார்த்திகை இரவில் தோன்றும் அச்சிறு கொத்தே ஒரு பெருநூலாய் விளங்கும்.