வாசலில் நின்ற கார்

2020 மே மாதத்தில் என் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். தந்தைக்குப் பின் கோவையில் பம்ப்செட் உதிரிபாகங்கள் கடைந்து தரும் லேத் பட்டறையை நடத்திவருபவர். அவரிடம் பதினெட்டுத் தொழிலாளர்கள். பொது முடக்கத்தால் ஆர்டர் நின்றுவிட்டது. முழுச் சம்பளம் கொடுத்தால் கையிருப்பு ஒரு மாதத்துக்குக்கூடத் தாங்காது. 'ஆறு பேரை நிறுத்திவிடவா, இல்லை எல்லாருக்கும் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கவா, சார்?' என்று கேட்டார்.

எல்லாருக்கும் குறையுங்கள் என்று தயங்காமல் சொன்னேன். கணக்கு இரண்டிலும் ஒன்றுதான். குறைத்தால் ஆறு குடும்பங்கள் தெருவுக்கு வராது. அவரும் அப்படியே செய்தார். நான்கு மாதங்களில் ஆர்டர் திரும்பியது. ஆனால் அதற்குள் பட்டறையின் மிகத் திறமையான நால்வர் வேறிடம் தேடிப் போயிருந்தனர்.

நான் பல ஆண்டுகள் வகுப்பில் எடுத்துச் சொன்ன ஆய்வு ஒன்று அந்தத் தொலைபேசி உரையாடலின்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டும். யேல் பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர் ட்ரூமன் பியூலி, 1990-களின் தொடக்கத்தில் மந்தநிலை நிலவிய அமெரிக்க வடகிழக்கு மாநிலங்களில் முந்நூறுக்கும் மேற்பட்டோரைச் சந்தித்தார். முதலாளிகள், மேலாளர்கள், தொழிற்சங்கத்தினர் எனப் பலரும் அவர்களில் அடங்குவர். மந்தத்திலும் ஊதியத்தைக் குறைக்காமல் ஆள்களைக் குறைப்பது ஏன் என்பதே அவருடைய கேள்வி. ஆள்குறைப்பின் கசப்பு வெளியேறுபவருடன் வெளியேறிவிடும்; ஊதியக் குறைப்பின் கசப்பு பட்டறைக்குள்ளேயே தங்கிவிடும்; வேறு வேலை கிடைக்கக்கூடிய திறமைசாலிகள்தாம் முதலில் கிளம்புவர். 1999-இல் நூலாக வெளிவந்த அந்த ஆய்வு கண்ட விடை இது. அதில் ஒரு விதிவிலக்கும் உண்டு. நிறுவனமே மூழ்கும் நிலையில் இருப்பதைத் தொழிலாளர்கள் உண்மையென நம்பினால் குறைப்பை ஏற்றுக்கொள்கிறார்கள்.

என் மாணவரின் தொழிலாளர்கள் நம்பவில்லை. காரணம், வாசலில் நின்ற புதிய கார். அதன் தவணையை அவர் அப்போது செலுத்தவே இல்லை. ரிசர்வ் வங்கி அனுமதித்த தவணை ஒத்திவைப்பைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார். ஏப்ரலுக்குப் பின் தன் வீட்டுச் செலவுக்குப் பட்டறையிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்கவில்லை. இவற்றை அவர் யாரிடமும் சொல்லவில்லை. முதலாளியே கடனில் இருப்பது தெரிந்தால் மரியாதை போய்விடும் என்று அஞ்சினாராம். ஆகவே தொழிலாளர்கள் கண்டது குறைந்த சம்பளத்தையும் குறையாத காரையும் மட்டுமே. அவர்கள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அப்படித்தான் முடிவு செய்திருப்பேன்.

அரசும் அப்போது தடுமாறியது. முடக்கக் காலத்துக்கு முழு ஊதியம் வழங்க வேண்டுமென 2020 மார்ச் 29-இல் உள்துறை அமைச்சகம் ஆணையிட்டது. மே 18 முதல் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. ஜூன் 12-இல் உச்சநீதிமன்றம் இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளுமாறு வழிகாட்டியது. நல்ல யோசனைதான். ஆனால் கணக்கேடு ஒருவர் கையிலும் வயிறு மற்றவர் கையிலும் இருக்கும்போது பேச்சுவார்த்தை எப்படி நடக்கும்?

ஜெர்மனியில் 2009-இல் உற்பத்தி சுமார் 5 விழுக்காடு சரிந்தது. வேலையின்மையோ சிறிதளவே கூடியது. ஆள்களைக் குறைப்பதற்குப் பதிலாக வேலை நேரத்தைக் குறைத்தார்கள். இழந்த நிகர ஊதியத்தில் 60 விழுக்காட்டை, குழந்தைகள் உள்ளவர்களுக்கு 67 விழுக்காட்டை, அரசின் வேலைவாய்ப்பு முகமை ஈடுசெய்தது. பணத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். அங்கே நூறு பேருக்கு மேல் பணிபுரியும் நிறுவனங்களில், பொருளாதார நிலைமையைத் தொழிலாளர் குழுவுக்குத் தெரிவிப்பது சட்டக் கடமை என்பதை யாரும் பேசுவதில்லை. என் கணிப்பில் இரண்டாவதே பெரிது.

நம் சட்டத்தில், வேலை தர இயலாமல் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்படுவோருக்கு அடிப்படை ஊதியம், பஞ்சப்படியில் பாதி உண்டு. ஆனால் ஐம்பது பேருக்குக் குறைவான பட்டறைகளுக்கு அது பொருந்தாது; அந்தச் சுமையும் முதலாளி ஒருவருடையதே. இ.எஸ்.ஐ. திட்டத்தில் வேலையிழந்தவருக்குத் தொண்ணூறு நாள் வரை நிவாரணம் தரும் ஏற்பாடு உண்டு. 2020-இல் அது சராசரி ஊதியத்தில் 25 விழுக்காட்டிலிருந்து 50 ஆக உயர்த்தப்பட்டது. அதைப் பெறத் தொழிலாளி முதலில் வேலையை இழந்தாக வேண்டும். வேலை நேரம் குறைக்கப்பட்டவருக்கும் அதில் ஒரு பங்கைத் தரலாம். கணக்கைத் தொழிலாளர்களிடம் காட்டிய நிறுவனங்களுக்கு மட்டும் தரலாம் என்பது என் கருத்து.

அண்மையில் மாணவரிடம் இதைச் சொன்னபோது, 'வரித்துறைக்குக் காட்டுவதே பெரும்பாடு சார், இவர்களிடமும் காட்டவா?' என்று சிரித்தார். ஆனாலும் இப்போதெல்லாம் மாதத்தின் முதல் சனிக்கிழமை, கையில் எத்தனை ஆர்டர் இருக்கிறது, வரவேண்டிய பாக்கி எவ்வளவு என்ற இரண்டை மட்டும் தேநீர் வேளையில் சொல்லிவிடுகிறாராம். வெளியேறிய நால்வரில் ஒருவர் திரும்பி வந்திருக்கிறார்.