போட்டோ ஏறலையா? கேபி குறைக்கக் கத்துக்குவோம்



போன மாசம் ஒருநாள் ராத்திரி ஒன்பது மணி இருக்கும். எங்க குழு அக்கா ஒருத்தங்க மகளைக் கையோட கூட்டிக்கிட்டு என் வீட்டுக்கு வந்தாங்க. பொண்ணு ஒரகடத்துல ஒரு கம்பெனியில கான்ட்ராக்ட்ல வேலை பார்க்குது. அரசு வேலைக்கு விண்ணப்பம் போட அன்னைக்கு ராத்திரியோட கடைசி. பேரு, படிப்பு, சான்றிதழ் எண் எல்லாம் நிரப்பியாச்சு. போட்டோ மட்டும் ஏறவே மாட்டேங்குது. ஷிஃப்ட் முடிஞ்சு பஸ்ஸை விட்டு இறங்குறதுக்குள்ள பிரவுசிங் சென்டரும் பூட்டியாச்சு. கண்ணுல தண்ணி வச்சுக்கிட்டு நிக்குது பொண்ணு.

திரையில சிவப்பு எழுத்துல வந்தது ஒரே சேதிதான். படம் 50 கேபிக்குள்ள இருக்கணும். அவ ஏத்தப் பார்த்தது 4 எம்பி. ஒரு எம்பிங்கறது 1,024 கேபி. அப்போ 4 எம்பின்னா 4,096 கேபி. கேட்டதுக்கு 80 மடங்குக்கு மேல பெரிசு! குடத்தைக் கொண்டு போய் டம்ளருக்குள்ள இறக்கப் பார்த்தா எப்படி இறங்கும்?

போட்டோங்கறது கலர் புள்ளி வச்சுப் போட்ட கோலம்னு வச்சுக்குங்க. அந்தப் புள்ளிக்குப் பேர்தான் பிக்சல். 12 மெகாபிக்சல் கேமரான்னா ஒரு பக்கம் 4,000 புள்ளி, இன்னொரு பக்கம் 3,000 புள்ளி, ஆக மொத்தம் 1 கோடியே 20 லட்சம் புள்ளி. வங்கித் தேர்வு நடத்துற ஐ.பி.பி.எஸ். கேட்கிற போட்டோ 200க்கு 230. மொத்தமே 46,000 புள்ளிதான். 2006ல நம்ம ஸ்ரீபெரும்புதூர்ல தொடங்கி 2014 நவம்பர்ல மூடின நோக்கியா ஆலை ஞாபகம் இருக்கும். அந்தக் காலத்துல பல கேமரா போன்ல 640க்கு 480 புள்ளிதான், மூணு லட்சத்துச் சொச்சம். போட்டோ தானாவே சின்னதா இருந்துச்சு. இப்போ கேமரா பெருத்துப் போச்சு, விண்ணப்பத்தோட வாசல் மட்டும் அப்படியே இருக்கு.

அதுக்கும் காரணம் உண்டு. 2024ல குரூப் 4 தேர்வுக்கு 20 லட்சம் பேருக்கு மேல விண்ணப்பிச்சாங்க. ஆளுக்கு 4 எம்பின்னா 80 லட்சம் எம்பி. ஆளுக்கு 50 கேபின்னா ஒரு லட்சம் எம்பியில முடிஞ்சு போச்சு. ஹால் டிக்கெட்டுல வர்றது தபால்தலை மாதிரி ஒரு படம். அதுக்கு 50 கேபி தாராளம்.

சரி, எப்படிக் குறைக்கிறது? முதல்ல கிராப் பண்ணணும். போன் கேலரியில படத்தைத் திறந்து, பென்சில் மாதிரி இருக்கிற 'எடிட்'டைத் தொட்டு, முகமும் தோளும் மட்டும் நிக்கிற மாதிரி சுத்தியிருக்கிற சுவரு, கதவு, காலண்டரை வெட்டிடுங்க. இதை நிறைய பேர் விட்டுடறாங்க. வேண்டாத சுவருக்கும் சேர்த்துத்தானே கேபி போகுது?

அடுத்தது ரீசைஸ், அதாவது புள்ளியைக் குறைக்கிறது. சாம்சங் போனா இருந்தா எடிட் பக்கத்துல மூணு புள்ளியைத் தொட்டா 'ரீசைஸ்' வரும். மத்த போன்ல 'ஸ்குவூஷ்'ங்கிற இணையப் பக்கம் நல்லா இருக்கு. காசு கிடையாது. முக்கியமா, படம் உங்க போனை விட்டு வெளியே போகாது, அங்கேயே வச்சு வேலையை முடிச்சுக் குடுக்கும். அதுல ரீசைஸைத் தொட்டு அகலம் 400னு போடுங்க. கீழே 'குவாலிட்டி'ன்னு ஒரு கோடு இருக்கும். இடது பக்கம் தள்ளினா கேபி இறங்கும், வலது பக்கம் தள்ளினா ஏறும். எத்தனை கேபின்னு அங்கேயே காட்டும். 30லிருந்து 45க்குள்ள நின்னா சேவ் பண்ணிடுங்க.

இங்கதான் பலபேர் இன்னொரு பள்ளத்துல விழறாங்க. டி.என்.பி.எஸ்.சி. கேட்கிறது 20லிருந்து 50 கேபி. 50க்கு மேலயும் கூடாது, 20க்குக் கீழயும் கூடாது. 200க்கு 230னு சின்னதாக்கும்போது படம் சில சமயம் 10 கேபிக்கே போயிடும். அப்பவும் அதே சிவப்பு எழுத்து வரும், நாம இன்னும் குறைச்சுக்கிட்டே இருப்போம்! குவாலிட்டியை ஏத்தினாத்தான் சரியாகும். அதையும் பழைய பெரிய படத்திலிருந்து செய்யணும். அரைச்ச மாவைத் திரும்ப அரிசியாக்க முடியாது, அதனால முதல்ல எடுத்த போட்டோவை அழிச்சிடாதீங்க.

படம் ஜேபிஜியா இருக்கணும்கிறதையும் பாருங்க. நம்ம பக்கத்து ஃபாக்ஸ்கான் ஆலையில செய்யற ஐபோன் இருக்கே, அது சாதாரணமா எச்.இ.ஐ.சி.ன்னு வேற வகையில படத்தைச் சேமிக்கும். கேபி சரியா இருந்தாலும் விண்ணப்பம் ஏத்துக்காது. செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ் போய் 'மோஸ்ட் கம்பாடிபிள்'னு மாத்திட்டுத் திரும்ப எடுக்கணும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஏத்தலாம்னு சிலர் சொல்வாங்க. பல போன்ல அது பிஎன்ஜியா போயிடும், அதுவும் ஏறாது.

அந்தப் பொண்ணுக்கு போட்டோ ஏறுச்சு. உடனே கையெழுத்து நின்னுச்சு! அதுக்கு 10லிருந்து 20 கேபி. ஒரு முழு வெள்ளைத் தாளை மேசையோட சேர்த்துப் படம் எடுத்திருந்தா. குறைச்சுப் பார்த்தா கையெழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி தெரியுது. மறுபடி வெள்ளைத் தாள்ல கறுப்பு மையில போடச் சொல்லி, டியூப்லைட்டுக்கு நேர் கீழே நிழல் விழாம எடுத்து, எழுத்தை ஒட்டி வெட்டினோம். ரெண்டாவது தடவையே 14 கேபி. (ஐ.பி.பி.எஸ்.ல கையெழுத்தை ஆங்கிலப் பெரிய எழுத்துல போட்டா செல்லாது, அதையும் சொல்லி வையுங்க.) எஸ்.எஸ்.சி. தேர்வுக்கு 2024லிருந்து போட்டோவை கேமரா முன்னாடி உட்கார்ந்து அப்பவே எடுக்கணும், கையெழுத்து மட்டும் ஏத்தினா போதும். ஒவ்வொரு அறிவிக்கையிலயும் அளவு போட்டிருக்கும், முதல்ல அதைப் படிங்க.

ஆதார், பாஸ்புக் படத்தைக் குறைக்கும்போது மட்டும் கொஞ்சம் பயம் வேணும். கேபி குறைச்சுத் தர்றோம்னு எத்தனையோ இணையப் பக்கம் இருக்கு, பலதுல நம்ம படம் அவங்க கம்ப்யூட்டருக்குப் போய்த்தான் திரும்பி வருது. கோலம் போட்ட போட்டோ போனா போகட்டும், ஆதார் போகலாமா? கடைசி 4 எண் மட்டும் தெரியற ஆதாரை யு.ஐ.டி.ஏ.ஐ. பக்கத்துலயே எடுக்கலாம். ஏத்துக்கிற இடத்துல அதையே குடுங்க. பிரவுசிங் சென்டர்ல வாட்ஸ்அப் வழியா படம் எடுத்துக் குடுத்தா, எழுந்திருக்கறதுக்கு முன்னாடி லாக் அவுட் பண்ணிட்டு, டவுன்லோட்ஸ்ல இருக்கிறதையும் குப்பைத்தொட்டியில இருக்கிறதையும் நம்ம கண்ணு முன்னாடி அழிக்கச் சொல்லணும். கேட்கக் கூச்சப்படாதீங்க.

கம்பெனியை விட்டு நின்ன பிள்ளைங்க பி.எஃப். பணம் எடுக்க முன்னெல்லாம் பாஸ்புக் இல்லேன்னா செக் படம் ஏத்தணும். 2025 ஏப்ரல்ல அந்த நிபந்தனையையே எடுத்துட்டாங்க. அதுக்குக் கேபி குறைச்சுத் தர்றேன்னு யாராவது காசு கேட்டா குடுக்காதீங்க.

பொண்ணுக்கு விண்ணப்ப எண் வந்தப்போ மணி பதினொன்னு இருபது. அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பத்திரமா வச்சுக்கச் சொன்னேன். "இதுக்கும் கேபி குறைக்கணுமாக்கா?"ன்னு கேட்டுச்சு. வேணாம்மா, இது உனக்குத்தான், எவ்வளவு பெரிசா வேணாலும் இருக்கட்டும்னேன்.